குரைக்காத நாய் சத்தமே போடாதா?

வளர்ப்புப் பிராணிகள் குறித்த வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் விடையளிக்கும் பகுதி. ஆப்பிரிக்க இனமான பேசென்ஜி நாயைப் பற்றிப் பலர் எழுதியிருந்ததால், இம்முறை அதைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இடம் அளிக்கப்படுகிறது.

கேள்வி: அமெரிக்காவில் அடுக்ககம் ஒன்றில் வசிக்கும் என் மகள், குரைக்காது என்ற ஒரே காரணத்துக்காகப் பேசென்ஜிக் குட்டி ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறாள். பக்கத்து வீட்டாருக்குத் தொல்லை இராது என்பது அவள் கணக்கு. வாங்கலாமா?

பதில்: அது குரைப்பது அரிது என்பது உண்மை, சத்தம் போடாது என்பது உண்மையன்று. பேசென்ஜியின் குரல்வளை அமைப்பு மற்ற நாய்களுடையதிலிருந்து சற்று வேறுபட்டிருப்பதால், அது விடாமல் குரைப்பதில்லை. மகிழ்ச்சியில் ஏற்ற இறக்கத்தோடு இழுத்துப் பாடுவது போல ஒலி எழுப்பும். ஆனால் தனியே விட்டுப் பூட்டிச் சென்றால் அது போடும் ஓலத்தைக் கேட்கும் அண்டை வீட்டார், உள்ளே யாரோ அலறுகிறார்கள் என்று பதறக்கூடும்.

இந்த நாயின் குணத்தை அறிய, அதன் தொழிலை அறிய வேண்டும். காங்கோ காடுகளில் வேட்டைக்காரர்கள் வலையை வளைத்துக் கட்டிவிட்டு, புதருக்குள் பதுங்கியிருக்கும் விலங்குகளை வலையை நோக்கி விரட்ட இந்நாய்களை ஏவுவார்கள். அடர்ந்த காட்டில் ஓசையின்றி ஓடும் நாய் எங்கே இருக்கிறது என்று தெரிவதற்காக, அதன் கழுத்தில் மரத்தாலோ சுரைக்குடுக்கையாலோ செய்த மணியைக் கட்டுவதும் அங்குள்ள வழக்கம். எசமானின் கண்ணுக்கு எட்டாத இடத்தில், அவருடைய கட்டளைக்குக் காத்திராமல், பார்வையையும் மோப்பத்தையும் சேர்த்துப் பயன்படுத்தித் தானே முடிவெடுத்து வேலை செய்த நாய் இது. வரவேற்பறையில் அதே சுபாவம் பிடிவாதமாகத் தெரிகிறது. உயரம் 40 முதல் 43 செ.மீ., எடை சுமார் 10 அல்லது 11 கிலோதான் என்றாலும், போதிய ஓட்டம் கிடைக்காவிட்டால் மெத்தை, காலணி, சோபா எதையும் கடித்துக் குதறிவிடும். கம்பி வேலியில் தொற்றி ஏறவும் அதற்குத் தெரியும். அணில் ஒன்று குறுக்கே ஓடினால், பெயர் சொல்லிக் கூப்பிடுவது காதில் விழாது என்பதால், தெருவில் ஒருபோதும் வாரை அவிழ்க்கக் கூடாது.

தினமும் காலையும் மாலையும் அதனுடன் ஓட உங்கள் மகளுக்கு நேரம் இருந்தால் தாராளமாக வாங்கட்டும். அமைதியை மட்டும் நாடி வாங்குவதானால் வேண்டாம் என்பதே என் கருத்து.

கேள்வி: பேசென்ஜிக்கு அறிவு குறைவு, பயிற்சிக்கு மசியாது என்கிறார்களே?

பதில்: கட்டளையை எத்தனை விரைவில் நிறைவேற்றுகிறது என்பதை அளவுகோலாகக் கொண்டால் இந்த இனம் கடைசி வரிசையில்தான் நிற்கும். ஆனால் சொன்னதைப் புரிந்துகொண்டு, அதைச் செய்வதால் தனக்கு என்ன கிடைக்கும் என்று யோசிக்கிற நாயை அறிவற்றது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சில நிமிடங்களுக்கு மேல் நீளாத பயிற்சியும், கையில் ஒரு துண்டு இறைச்சியும் பலன் தரும். அடியும் அதட்டலும் அதை விலகிப் போகவே செய்யும். வீட்டாரிடம் மிகுந்த பாசம் காட்டும் இந்நாய், அந்நியரிடம் ஒட்டாமல் இருக்கும். பூனையைப் போல உடலை நக்கித் தூய்மை செய்துகொள்வதால் நாற்றமும் குறைவு. மழையில் நனைவது அதற்குப் பிடிக்காது. முயல், வெள்ளெலி முதலியவை உள்ள வீட்டில் இதை நம்பி விடாதீர்கள்.

கேள்வி: பெண் பேசென்ஜி ஆண்டுக்கு ஒரு முறைதான் பருவத்துக்கு வருமா?

பதில்: பெரும்பாலும் ஆம். மற்ற வளர்ப்பு நாய்கள் பொதுவாக ஆண்டுக்கு இரு முறை வரும். வடக்கு நாடுகளில் பேசென்ஜி இலையுதிர் காலத்தில் பருவத்துக்கு வந்து, குளிர்காலத்தில் குட்டி போடும்.

கேள்வி: இந்த இனத்துக்கே உரிய சிறுநீரக நோய் ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டேன். விளக்க முடியுமா?

பதில்: ஃபேன்கோனி நோயைக் குறிப்பிடுகிறீர்கள். மற்ற இனங்களிலும் அரிதாகக் காணப்படும் இந்நோய், பேசென்ஜியில் பரம்பரையாக வருகிறது. 1895இல் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட முதல் இணை டிஸ்டெம்பர் நோயால் இறந்துபோக, 1930களில் வந்து சேர்ந்த சில நாய்களின் வழித்தோன்றல்களே மேலைநாடுகளில் பெருகின. முன்னோர் சிலராகவே இருந்ததால், மறைந்திருந்த பரம்பரைக் குறைகள் வெளிப்பட இடம் ஏற்பட்டது. 1980களின் பிற்பகுதியில் ஆர்வலர்கள் ஆப்பிரிக்காவுக்கே சென்று புதிய நாய்களைக் கொண்டுவந்ததும், அமெரிக்க நாய் வளர்ப்போர் சங்கம் 1990இல் தன் பதிவேட்டை அவற்றுக்குத் திறந்துவிட்டதும் இதனால்தான்.

இந்நோயில் சிறுநீரகம், உடல் மீண்டும் உறிஞ்சிக்கொள்ள வேண்டிய சர்க்கரை, அமினோ அமிலம், பைகார்பனேட் ஆகியவற்றைச் சிறுநீரோடு வெளியேற்றிவிடுகிறது. நாய் அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும், உடல் மெலியும். பெரும்பாலும் நடுவயதில் தலைகாட்டுகிற இந்நோயைச் சர்க்கரை நோய் என்று தவறாகக் கணிப்பதும் உண்டு. சிறுநீரில் சர்க்கரை இருந்து இரத்தத்தில் அதன் அளவு சரியாக இருந்தால் ஐயம் கொள்ள வேண்டும். காலத்தில் கண்டறிந்து, இழந்த உப்புகளை மருந்தாகக் கொடுத்து வந்தால் நாய் பல ஆண்டுகள் வாழும். 2011 முதல் இதற்கு நேரடி மரபணுச் சோதனை இருக்கிறது. தாய், தந்தை இரண்டின் சோதனைச் சான்றையும் காட்ட மறுக்கும் விற்பனையாளரிடம் குட்டி வாங்க வேண்டாம். வாங்கிய பிறகும், மூன்று வயது முதல் மாதம் ஒரு முறை சோதனைத் தாள் கொண்டு சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்து வருவது நல்லது.