புயலுக்கு முன் சென்னையை ஏன் மொத்தமாகக் காலி செய்வதில்லை?

"அமெரிக்காவில் புயல் என்றால் நகரத்தையே காலி செய்யச் சொல்கிறார்கள். நம் அதிகாரிகள் ஏன் கடலோரத்தில் நாலு தெருவோடு நிறுத்திக்கொள்கிறார்கள்? நான் வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருக்கிறேன், எங்களை யாரும் கூப்பிடவில்லையே" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சாந்தோம் பக்கம் வசிப்பவன். எங்கள் பகுதிப் பள்ளியில் நிவாரண முகாம் திறக்கும்போதெல்லாம் தன்னார்வலனாகப் போய் நிற்பேன். அங்கே பார்த்ததையும் படித்துத் தெரிந்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

அமெரிக்காவிலும் ஒரு பெருநகரத்தை மொத்தமாகக் காலி செய்வது அபூர்வம். கிட்டத்தட்ட அப்படி நடந்த ஒரு தடவை, உயிர்ச்சேதம் புயலைவிடச் சாலையில்தான் அதிகம். 2005 ஆகஸ்ட் கடைசியில் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தது. அடுத்த மாதமே ரீட்டா புயல் டெக்ஸாஸ் கரையை நோக்கி வந்தது. டிவியில் கத்ரீனாவைப் பார்த்து மிரண்டுபோயிருந்த ஹூஸ்டன் வட்டாரத்தில், ஆபத்தே இல்லாத இடத்தில் இருந்தவர்களும் சேர்ந்து சுமார் 25 லட்சம் பேர் ஒரே நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். நெடுஞ்சாலைகள் மணிக்கணக்கில் அப்படியே நின்றன. பெட்ரோல் தீர்ந்தது, வெயிலில் வண்டிக்குள்ளேயே ஆட்கள் சுருண்டார்கள். முதியோர் இல்லத்திலிருந்து ஆட்களை ஏற்றி வந்த ஒரு பேருந்து தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். அதனால்தான் 2017இல் ஹார்வி புயல் வந்தபோது ஹூஸ்டன் மேயர் நகரத்தைக் காலி செய்ய உத்தரவிடவில்லை. பிறகு வெள்ளம் சூழ்ந்ததும் அந்த முடிவைப் பலர் திட்டினார்கள். ஆனால் லட்சக்கணக்கான வண்டிகள் சாலையில் நிற்கும்போது அந்த மழை கொட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

அங்கே உள்ளூர் நிர்வாகங்கள் வழக்கமாகச் செய்வது வேறு. கடல் நீர் எதுவரை ஏறிவரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, நகரத்தை ஏ, பி, சி என்று மண்டலங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். உத்தரவு முதலில் கரையோர மண்டலத்துக்குத்தான் போகும். காற்றுக்குப் பயந்து ஊரை விட்டு ஓடவேண்டியதில்லை, உறுதியான கட்டடம் போதும். தண்ணீர் ஏறும் இடத்தில்தான் ஆளே இருக்கக்கூடாது. நமக்கும் இதே கணக்குதான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைமேல் வந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அன்று கான்கிரீட் வீட்டுக்குள் இருந்தவர்கள், சாலையில் இருந்தவர்களைவிடப் பல மடங்கு பத்திரமாக இருந்தார்கள். மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் 426 சதுர கிலோமீட்டர், 200 வார்டு. வெளியே போக ஜிஎஸ்டி சாலை, பெங்களூர் சாலை, கொல்கத்தா சாலை, ஈசிஆர் என்று நாலைந்து வழிதான் உருப்படியாக இருக்கிறது. பொங்கலுக்கு முதல் நாள் ராத்திரி தாம்பரம், பெருங்களத்தூர் எப்படி நிற்கும் என்று உங்களுக்கே தெரியும்.

நேரமும் கையில் இருக்காது. வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கை 72 மணி, 48 மணி, 24 மணி, 12 மணி நேரத்துக்கு முன் என்று படிப்படியாக வரும். ஆனால் புயல் கரையைக் கடப்பதற்குப் பல மணி நேரம் முன்பே காற்று பலமாகிவிடும், அப்புறம் பேருந்தும் ஆட்டோவும் ஓடமுடியாது. புயல் நள்ளிரவில் வருகிறது என்றால் சாயங்காலத்துக்குள் எல்லாரும் முகாமில் இருந்தாகவேண்டும்.

சரி, கூப்பிட்டால் மட்டும் வந்துவிடுகிறார்களா? 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த அன்று மதியம், பட்டினப்பாக்கம் பக்கம் அலை வீட்டு வாசல்வரை வந்துகொண்டிருந்தது. ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்துக்கொண்டே போனார்கள், ஒருத்தரும் அசையவில்லை. வார்டு ஏ.இ. (மாநகராட்சி உதவிப் பொறியாளர்) வீடு வீடாகப் போனார், நாங்களும் கூடப் போனோம். ஒரு வீட்டில் பாட்டி கோழிகளைக் கூடையில் போட்டு மூடிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். "ஆயா, நைட்டு கடல் உள்ள வந்துரும், ஸ்கூலுக்கு வந்துடு" என்றார் ஏ.இ. "எத்தினி புயல் பாத்திருக்கேன், நீ போ நைனா" என்று பாட்டி எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் அந்தத் தெரு மகளிர் குழுத் தலைவி பள்ளிக்குப் போய் எல்லாவற்றையும் பார்த்தார். கழிவறைத் தாழ்ப்பாள் விழுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, பெண்கள் படுக்கத் தனி அறை உண்டா, கரண்ட் போனால் ஜெனரேட்டர் இருக்கிறதா. ஒரு தாழ்ப்பாள் விழவில்லை, ஆள் வைத்து அதைச் சரிசெய்ய வைத்தார். அங்கிருந்தே போன் போட்டு "வாங்கடி, நல்லாத்தான் இருக்கு" என்றார். அரை மணி நேரத்தில் தெரு பாதி வந்துவிட்டது. பாட்டியும் கோழிக்கூடையோடு வந்தார்.

ஆண்கள் மட்டும் கரையிலேயே நின்றார்கள். ஃபைபர் படகும் எஞ்சினும் வலையும்தான் அவர்கள் மொத்தச் சொத்து, கடனில் வாங்கியது. படகை மேட்டுக்கு இழுக்க ஒரு டிராக்டர் வந்த பிறகுதான் அவர்களும் நகர்ந்தார்கள்.

இதைவிட ஆழமான பயம் ஒன்று உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகும் 2015 வெள்ளத்துக்குப் பிறகும், கடலோரத்திலும் ஆற்றோரத்திலும் இருந்த எத்தனையோ குடும்பங்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். பிழைப்பு ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் ஆனது. அதைப் பார்த்தவர்களிடம் ஒரு அதிகாரி வந்து "வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்புங்க" என்றால், இந்த ஒரு ராத்திரிக்கா, இல்லை நிரந்தரமாகவா என்ற கேள்விதான் முதலில் வரும். புயல் நேரத்தில் முரண்டு பிடிக்கிறார்கள் என்று அவர்களைக் குறைசொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. "காற்று ஓய்ந்ததும் இதே வீட்டுக்குத் திரும்பலாம், அதுவரை தெருமுனையில் போலீஸ் நிற்கும்" என்று வாய்விட்டுச் சொல்லும் அதிகாரிக்கு ஆட்கள் கிளம்புகிறார்கள், நானே பார்த்திருக்கிறேன்.

ஒடிசாவில் 1999 பெரும்புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2019 மே மாதம் ஃபானி வந்தபோது சுமார் 12 லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள், சாவு சில பத்துகளோடு நின்றது. இடைப்பட்ட இருபது வருடத்தில் கடலோரக் கிராமங்களில் புயல் பாதுகாப்பு மையங்களைக் கட்டி, தன்னார்வலர்களைப் பழக்கி, ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்கள். எந்தக் கட்டடத்துக்குப் போகவேண்டும் என்று மக்களுக்குப் புயல் இல்லாத நாளிலேயே தெரிந்திருந்தது.

இனி உங்கள் வேளச்சேரிக்கு வருகிறேன். அங்கேதான் நம் நிர்வாகத்தின் பெரிய ஓட்டை என்று நினைக்கிறேன். குடிசைகளையும் மீனவர் குப்பங்களையும்தான் முதலில் கவனிக்கிறார்கள், அது சரியும்கூட. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் சென்னையில் கரையைக் கடக்கவே இல்லை, கடந்தது ஆந்திராவில் பாபட்லா பக்கம். இங்கே கொட்டிய மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை தரைத்தள வீடுகளில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. படகில் ஏற்றிக் காப்பாற்றியதெல்லாம் அதற்கு அப்புறம்தான். முன்னாடியே மேல்மாடிக்குப் போகச் சொல்லவேண்டியவர்கள் அவர்கள்.

ஏரி திறப்பிலும் இதே பாடம்தான். 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடிவரை திறந்தபோது, அடையாற்றங்கரையில் பலருக்குத் தண்ணீர் உள்ளே வந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. 2020 நிவர் புயலின்போது நவம்பர் 25 அன்று, முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு, பட்டப்பகலில் 1,000 கனஅடியில் தொடங்கினார்கள். அப்படிச் செய்தால் ஜாஃபர்கான்பேட்டையில் இருப்பவர் வெளிச்சத்திலேயே அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்ப முடியும்.

அதனால் உங்களைக் கூப்பிடும்வரை காத்திருக்காதீர்கள். 2015இலும் 2023இலும் உங்கள் வீட்டில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்று பக்கத்து வீட்டுப் பழைய ஆட்களிடம் கேளுங்கள். வாசற்படிக்கு மேல் என்றால், சிவப்பு எச்சரிக்கை வந்த அன்று பகலிலேயே மாடியில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுங்கள். ரேஷன் கார்டு, பத்திரம், மருந்து இதெல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். கிளம்புமுன் மெயினை அணைத்து, சிலிண்டரை மூடுங்கள். உங்கள் கட்டடத்தில் தனியாக இருக்கும் வயதானவர், நடக்கமுடியாதவர் இருந்தால் மாநகராட்சியின் 1913க்கு இப்போதே பேசி, பக்கத்து முகாம் எது, அங்கே சக்கர நாற்காலி உள்ளே போகுமா என்று கேட்டு வையுங்கள். வார்டு அலுவலகத்திலும் நேரில் போய்ச் சொல்லுங்கள். நாலு பேர் போய்க் கேட்டால்தான் அடுத்த வருடப் பட்டியலில் உங்கள் தெரு ஏறும்.