அடையாள அட்டையில் ஒரு சொல்: ருவாண்டா 1994, கேள்வி பதில்

ருவாண்டா இனப்படுகொலை பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். 1994-ல் ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் ஹூட்டுத் தீவிரவாதிகள் டூட்சி மக்களை நூறு நாளில் லட்சக்கணக்கில் கொன்று குவித்தது அது. நினைத்ததைவிட அதிகமாகவே கேட்டிருக்கிறீர்கள். கல்லூரியில் உலக வரலாறு நடத்திய காலத்திலிருந்து என்னை விடாத விஷயம் இது. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, போரிலும் லட்சக்கணக்கில் சாகிறார்கள். இனப்படுகொலை என்று எதைத் தனியாகப் பிரிக்கிறார்கள்? எண்ணிக்கையை வைத்தா?

பதில்: எண்ணிக்கையை வைத்து இல்லை, நோக்கத்தை வைத்து. தேசியம், இனம், மரபினம், மதம் இவற்றில் ஏதோ ஒன்றால் அமைந்த ஒரு குழுவை முழுதாகவோ பகுதியாகவோ அழிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்வது இனப்படுகொலை. 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற உடன்படிக்கை இப்படித்தான் வரையறுக்கிறது. பிறப்பைத் தடுப்பதும், குழந்தைகளைப் பிடுங்கி வேறு குழுவிடம் கொடுப்பதும்கூட அதில் அடங்கும். இந்தக் குற்றத்துக்குப் பெயர் வைத்தவர் ரஃபேல் லெம்கின், போலந்து யூத வழக்கறிஞர். 1944-ல் அவர் அச்சேற்றும்வரை 'ஜெனோசைட்' (genocide) என்ற சொல்லே கிடையாது.

வரையறையில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. அரசியல் குழுக்கள் அதில் இல்லை. அதனால்தான் கம்போடியாவில் 2018-ல் வந்த இனப்படுகொலைத் தீர்ப்பு சாம் முஸ்லிம்களையும் வியட்நாமியரையும் கொன்றதற்கு மட்டும் வந்தது. 1970-களில் அந்நாட்டை ஆண்ட கெமர் ரூஜ் கொன்ற மற்ற லட்சக்கணக்கான கம்போடியர்களுக்கு அந்தப் பெயர் கிடைக்கவில்லை.

கேள்வி: ஹூட்டு, டூட்சி என்பது நம்ம ஊர் சாதி மாதிரியா சார்?

பதில்: பாதி சரி. இரு தரப்பும் பேசுவது ஒரே கின்யருவாண்டா மொழி. ஒரே மலைச்சரிவில் வீடு, ஞாயிற்றுக்கிழமை ஒரே தேவாலயம், பெண் கொடுத்து எடுப்பதும் உண்டு. பழைய காலத்தில் மாடு வைத்திருப்பது, அரண்மனைச் செல்வாக்கு இவற்றோடு ஒட்டிய வேறுபாடு அது. ஒருவர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகவும் முடிந்தது. அந்தக் கதவை அடைத்தது பெல்ஜியம். 1930-களில் எல்லோரையும் பதிவு செய்து, இனம் குறித்த அடையாள அட்டையைக் கையில் கொடுத்தார்கள். அப்பாவின் அட்டையில் என்ன இருந்ததோ அதுவே பிள்ளைக்கும்.

டூட்சிகளை மேலே தூக்கி வைத்தே ஆண்டார்கள். 1959-ல் ஹூட்டுகள் கிளர்ந்தபோது அதே பெல்ஜியம் பக்கம் மாறியது. ஆயிரக்கணக்கான டூட்சிகள் அகதிகளாக ஓடினார்கள். ஓடியவர்களின் பிள்ளைகள்தான் 1990-ல் உகாண்டாவிலிருந்து ருவாண்டா தேசபக்த முன்னணியாகப் படையெடுத்து வந்தவர்கள். 1962-ல் விடுதலை கிடைத்த பிறகும் அட்டை மாறவில்லை. 1994-ல் சாலைத் தடுப்புகளில் அதைத்தான் காட்டச் சொன்னார்கள். காட்டியவர் பிழைப்பதும் சாவதும் அந்த ஒரு சொல்லில் இருந்தது.

கேள்வி: நூறு நாளில் எட்டு லட்சம் பேர் என்பது நம்பவே முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் திடீரென்று வெறிபிடித்தா கொன்றார்கள்?

பதில்: திடீர் வெறி என்ற விளக்கத்தை நான் ஏற்பதில்லை. எட்டு லட்சம் என்பது ஐ.நா. வட்டாரங்களில் சொல்லப்படும் கணக்கு. ருவாண்டா அரசு பத்து லட்சத்துக்கும் மேல் என்கிறது. ஏப்ரல் 6 இரவு ஹூட்டு ஜனாதிபதி ஹப்யாரிமானாவின் விமானம் தலைநகர் கிகாலி அருகே சுட்டு வீழ்த்தப்பட்டது. சில மணி நேரத்தில் தடுப்புகள் எழுந்துவிட்டன. ஏற்பாடு முன்பே இல்லாமல் இது நடக்காது. 1993 ஜூலையில் தொடங்கிய ஆர்.டி.எல்.எம். வானொலி பாட்டுக்கும் அரட்டைக்கும் நடுவே டூட்சிகளைக் கரப்பான்பூச்சி என்று சொல்லிக்கொண்டே இருந்தது. கொலை தொடங்கியதும் ஆட்களின் பெயரையும் ஒளிந்திருக்கும் இடத்தையும் வாசித்தது. இன்டெரஹாம்வே என்ற ஆளுங்கட்சி இளைஞர் படைக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

புட்டாரே மாகாணத்தைப் பாருங்கள். அங்கே ஆட்சித்தலைவர் ஜான் பாப்டிஸ்ட் ஹப்யாலிமானா, நாட்டிலேயே அந்தப் பதவியில் இருந்த ஒரே டூட்சி. முதல் இரண்டு வாரம் கொலை பெரிதாகப் பரவாமல் தடுத்து வைத்திருந்தார். உயிர் தப்பப் பக்கத்து மாகாணங்களிலிருந்து சனங்கள் அங்கே வந்தார்கள். ஏப்ரல் 17-ஐ ஒட்டி அவரைப் பதவியிலிருந்து தூக்கினார்கள். 19-ந் தேதி இடைக்கால ஜனாதிபதி நேரிலேயே வந்து, வேலையைச் செய்யாமல் ஒதுங்கி நிற்பவர்களைக் கண்டித்துப் பேசினார். அந்த நாட்களில் 'வேலை' என்றால் கொலை. அடுத்த சில நாட்களில் அந்த மாகாணமே பிணக்காடானது. ஹப்யாலிமானாவையும் பிறகு கொன்றார்கள். மக்கள் அதே மக்கள்தான், மாறியது மேலிருந்து வந்த உத்தரவு. அதனால்தான் வெறி என்ற சொல்லை மாணவர்கள் எழுதினால் அடித்துவிட்டு, யார் உத்தரவிட்டது, எந்த அலுவலகத்திலிருந்து என்று எழுதச் சொல்வேன்.

கேள்வி: ஐ.நா. படை அங்கே இருந்ததே?

பதில்: இருந்தது. சுமார் 2,500 பேர். தளபதி ரோமியோ டலேர், கனடாக்காரர். ஜனவரி 11 அன்றே நியூயார்க்குக்குத் தகவல் அனுப்பினார். கிகாலியில் டூட்சிகளைப் பதிவெடுக்கிறார்கள், அழிப்பதற்காக இருக்கலாம், ஆயுதக் கிடங்குகள் இருக்கின்றன, சோதனை போடப் போகிறேன் என்று. வேண்டாம் என்று பதில் வந்தது. ஏப்ரல் 7-ல் பெல்ஜிய வீரர்கள் 10 பேரைக் கொன்றதும் பெல்ஜியம் தன் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஏப்ரல் 21-ல் பாதுகாப்பு சபை அந்தப் படையை 270 ஆகக் குறைக்கத் தீர்மானம் போட்டது. அப்படியும் டலேரும், கானா வீரர்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட சிலநூறு பேரும் போகாமல் நின்று ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார்கள்.

அமெரிக்க அதிகாரிகள் 'இனப்படுகொலை' என்ற சொல்லைச் சொல்வதையே தவிர்த்தார்கள். சொன்னால் ஏதாவது செய்தாக வேண்டும் என்ற பயம். உடன்படிக்கையின் முதல் பிரிவே தடுப்பதைக் கடமை என்கிறது அல்லவா?

கேள்வி: அண்ணா, நான் யாழ்ப்பாணம். ருவாண்டாவுக்குப் பிறகு 'இனி ஒருபோதும் இல்லை' என்றார்கள். 2009-ல் எங்களுக்கு என்ன நடந்தது?

பதில்: தங்கச்சி, இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியப்பட்டிருப்பேன். 2012 நவம்பரில் சார்லஸ் பெட்ரி தலைமையிலான ஐ.நா. உள்ளக ஆய்வுக்குழு, வன்னியின் கடைசி மாதங்களில் ஐ.நா. தன் பொறுப்பில் தவறியது என்று ஒப்புக்கொண்டது. இறந்தோர் எண்ணிக்கை கையில் இருந்தும் வெளியே சொல்லத் தயங்கினார்கள். ருவாண்டா பற்றிய ஐ.நா.வின் சொந்த விசாரணை அறிக்கை 1999-லேயே வந்துவிட்டது. பத்து வருடம் இடையில் இருந்தது. இதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

கேள்வி: குற்றவாளிகளுக்குத் தண்டனை கிடைத்ததா?

பதில்: ஓரளவுக்கு. தான்சானியாவின் அருஷாவில் அமைந்த ஐ.நா. தீர்ப்பாயம் 1998 செப்டம்பர் 2 அன்று டாபா ஊரின் நகரத் தலைவர் ஜான் போல் அகாயேசுவைக் குற்றவாளி என்றது. இனப்படுகொலைக்காக ஒரு சர்வதேச நீதிமன்றம் வழங்கிய முதல் தீர்ப்பு அது. பாலியல் வன்முறையும் இனப்படுகொலையின் கருவியாக முடியும் என்று சொன்னதும் அதே தீர்ப்புதான். முதல் குற்றப்பத்திரிகையில் அது கிடையாது. சாட்சி சொல்ல வந்த பெண்கள் வாய் திறந்ததால் நடுவிலேயே சேர்த்தார்கள். அந்த அமர்விலிருந்த ஒரே பெண் நீதிபதி நவநீதம் பிள்ளை, டர்பனில் பிறந்த தமிழ் வம்சாவளிப் பெண்.

ஊர்களில் கச்சாச்சா என்ற மக்கள் மன்றங்கள் நடந்தன, புல்தரையில் உட்கார்ந்து விசாரிப்பது. 2012-ல் முடிப்பதற்குள் ஏறத்தாழ 20 லட்சம் வழக்குகளைப் பார்த்தன. வழக்கறிஞர் இல்லை, பழைய பகையும் புகுந்தது. ஆனால் பல குடும்பங்களுக்குப் பிணம் எங்கே என்று தெரிந்தது அங்கேதான்.

கேள்வி: ஹூட்டுகள் எல்லோரும் கொலைகாரர்களா?

பதில்: இல்லை. முதல் நாளே கொல்லப்பட்ட பிரதமர் அகாத் உவிலிங்கியிமானா ஒரு ஹூட்டு. போரில் வென்று ஆட்சியைப் பிடித்த ருவாண்டா தேசபக்த முன்னணியின் படையினரும் ஹூட்டுப் பொதுமக்களைக் கொன்றிருக்கிறார்கள். அதை இன்றைய ருவாண்டாவில் உரக்கப் பேசுவது சுலபமில்லை. கொலைகாரர்கள் அகதிகளோடு கலந்து எல்லை தாண்டினார்கள், 1996-ல் போரும் பின்னாலேயே போனது. கிழக்கு காங்கோ இன்னும் அந்தத் தீயில்தான் இருக்கிறது.

கேள்வி: இப்போது அந்த அட்டை இருக்கிறதா?

பதில்: அட்டை இருக்கிறது, இனம் குறிக்கும் வரி இல்லை. ஏப்ரல் 7 அன்று 'க்விபுக்கா' தொடங்கும், நினைவுகூர்தல் என்று பொருள். ஜூலை வரை நூறு நாள். புதைகுழிகள் இன்னும் கிடைத்தபடி இருக்கின்றன. பழைய புட்டாரே பகுதியில், இன்று ஹுயே மாவட்டம், வீடு கட்டத் தோண்டிய இடத்தில் எலும்புகள் தென்பட்டன. 2024 ஜனவரிக்குள் அங்கிருந்து எடுத்தது நூறு பேருக்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள்.