விண்டோஸ் 98: பிங் போகிறது, தளம் திறக்கவில்லை

விண்டோஸ் 98 கணினியில் நெட்வொர்க் கார்டு போட்டாயிற்று, பிங்கும் (வேறொரு கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது, ஆனால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் எந்தத் தளமும் திறக்கவில்லை என்கிறீர்கள். அப்படியென்றால் கார்டும் டிரைவரும் சரியாகவே இருக்கின்றன, அவற்றைத் தொடாதீர்கள். சிக்கல் பெரும்பாலும் குறியாக்கத்தில். இன்றைய தளங்கள் பெரும்பாலும் டிஎல்எஸ் (இணைப்பைக் குறியாக்கம் செய்யும் முறை) 1.2 அல்லது 1.3 கேட்கின்றன. உங்கள் பிரவுசருக்கு 1999-இல் வந்த டிஎல்எஸ் 1.0-ஐத் தாண்டி எதுவும் தெரியாது.

வீட்டில் உள்ள புதிய கணினியில் வெப்ஒன் என்ற இலவச ப்ராக்ஸியை, அதாவது நடுவில் நின்று தளங்களை வாங்கித் தரும் நிரலை, ஓட்டுங்கள். அப்புறம் பழைய பிரவுசரின் ப்ராக்ஸி அமைப்பில் அந்தக் கணினியின் ஐபி முகவரியையும் 8080 போர்ட்டையும் கொடுங்கள். குறியாக்க வேலையை வெப்ஒன் பார்த்துக்கொள்ளும். உங்களுக்குப் பக்கம் குறியாக்கம் இல்லாத வெறும் எச்டிடிபி-யாக வந்து சேரும். ஜாவாஸ்கிரிப்ட் நிறைந்த தளங்கள் அப்போதும் சிதறித்தான் தெரியும், எழுத்து மட்டுமே உள்ள பக்கங்களில் தொடங்குங்கள். கடவுச்சொல் எதையும் பழைய கணினியில் தட்டவே வேண்டாம்.