ஆலமுல் மிஸால் என்பது கற்பனை உலகம்தானா?

"சூஃபிகள் சொல்லும் ஆலமுல் மிஸால் வெறும் கற்பனைதானே, அதற்கு ஏன் இவ்வளவு பெரிய தத்துவம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்தக் 'கற்பனை'யைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடலாம். தமிழில் அந்தச் சொல்லை எடுத்தாலே, யாரோ உட்கார்ந்து இட்டுக்கட்டியது என்று ஆகிவிடுகிறது. பிரெஞ்சு அறிஞர் ஆன்றி கோர்பனுக்கும் இதே தலைவலிதான். 1939இல் சில மாத வேலையாக இஸ்தான்புல் போனவர், போர் மூண்டதால் 1945 வரை அங்கேயே பாரசீகத் தத்துவஞானி சுஹ்ரவர்தியின் கையெழுத்துப் பிரதிகளோடு கிடந்தார். பிற்பாடு இதைப் பற்றி எழுதும்போது, பிரெஞ்சிலும் கற்பனை என்றால் 'இல்லாதது' என்ற வாடை அடிக்கிறதே என்று லத்தீனுக்குப் போய் 'முண்டுஸ் இமாஜினாலிஸ்', அதாவது உருவங்களின் உலகம், என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

சரி, விஷயம் இதுதான். தொட்டுப் பார்க்கக்கூடிய உடல்களின் உலகம் ஒன்று. உருவமே இல்லாத, அறிவால் மட்டும் எட்டக்கூடிய உலகம் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில், உருவமும் நிறமும் அளவும் உண்டு, ஆனால் ஜடப்பொருள் கிடையாது என்கிற ஓர் உலகம். அதுதான் ஆலமுல் மிஸால்.

புரியவில்லையா? எனக்கு இது புரிந்தது சலூனை நினைத்துத்தான். சின்ன வயதில் நாற்காலியின் இரண்டு கைப்பிடி மேலும் ஒரு பலகையைப் போட்டு அதில் உட்கார வைப்பார்கள். எதிரே பெரிய கண்ணாடி. அதற்குள் ஒரு பையன், சுவரிலிருந்து நாலடி உள்ளே தள்ளி, பலகைமேல் உட்கார்ந்திருப்பான். கண்ணாடியின் கனமோ ஒரு விரற்கடைகூட இல்லை. சுவருக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் மாவு மில். அப்படியென்றால் அவன் எங்கே இருக்கிறான்? இல்லை என்றும் சொல்ல முடியாது, பார்க்கிறேனே!

இதே கேள்வியை ஷிஹாபுத்தீன் சுஹ்ரவர்தி 12ஆம் நூற்றாண்டில் கேட்டுவிட்டார். கண்ணாடியில் தெரியும் உருவம் கண்ணாடிக்குள்ளும் இல்லை, கண்ணுக்குள்ளும் இல்லை, மூளைக்குள்ளும் இல்லை. கண்ணாடி அது வெளிப்படும் இடம், அவ்வளவே என்பது அவர் வாதம். எதன்மீதும் உட்காராத இவற்றைத் 'தொங்கும் வடிவங்கள்' என்றார். பழைய புவியியலார் மனிதர் வாழும் நிலத்தை ஏழு மண்டலங்களாகப் பிரித்திருந்தார்கள். இவர் இதை எட்டாவது ஆக்கினார். அவருடைய பாரசீகக் கதை ஒன்றில், ஒரு பெரியவரிடம் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டால், 'நாகோஜாஆபாத்'திலிருந்து என்கிறார். 'நா' இல்லை, 'கோஜா' எங்கே, 'ஆபாத்' நம் ஹைதராபாத்தில் வருகிற அதே ஆபாத். எங்கேயும் இல்லாத ஊர்! சுட்டுவிரல் அங்கே வழி காட்டாது என்று விளக்கமும் வருகிறது. இதையெல்லாம் எழுதியவர் நாற்பதைத் தொடவில்லை. 1191இல் சுல்தான் சலாஹுத்தீன் உத்தரவின்பேரில் சிரியாவின் அலெப்போவில் கொல்லப்பட்டார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தலூசியாவின் (இன்றைய ஸ்பெயின்) முர்சியாவில் 1165இல் பிறந்த சூஃபி ஞானி இப்னு அரபி சொல்வது. 560 அத்தியாயங்கள் கொண்ட அவருடைய 'ஃபுதூஹாத்'தில் எட்டாவது அத்தியாயம். முதல் மனிதர் ஆதமைப் படைத்த களிமண்ணில் கொஞ்சம் மிஞ்சியது. அதில் பேரீச்ச மரம் படைக்கப்பட்டது; ஆகவே அது ஆதமின் சகோதரி, நமக்கு 'அம்மா'. அரபியில் அது தாய் இல்லை, தகப்பனின் உடன்பிறந்தாள்: அத்தை, எங்கள் வீட்டு வழக்கில் மாமி. அதற்குப் பிறகும் ஓர் எள்ளளவு மண் மிஞ்சியது. அந்த எள்ளுக்குள் இறைவன் ஒரு நிலத்தை விரித்தான். நம் வானங்களையும் பூமிகளையும் இறை அரியணையையும் அங்கே கொண்டுபோய் வைத்தால், பாலைவனத்தில் விழுந்த மோதிரம்போல இருக்குமாம். எள் விழ இடமில்லை என்று கூட்டத்தைப் பற்றிச் சொல்லிப் பழகிய நமக்கு, எள்ளே இடமாகிவிடுவது வேடிக்கைதான்.

அந்த நிலமும் நாம் பேசும் நடுவுலகத்தைச் சேர்ந்ததுதான். இப்படி இரண்டுக்கு நடுவில் இருப்பதற்கு அவர் ஆளும் சொல் 'பர்ஸக்'. குர்ஆனின் 55ஆம் அத்தியாயத்தில் இரண்டு கடல்களுக்கு நடுவிலுள்ள தடுப்புக்கு அந்தப் பெயர். 23ஆம் அத்தியாயத்தில் மரணத்துக்கும் எழுப்பப்படும் நாளுக்கும் இடைப்பட்டதற்கு. கப்ரு (மண்ணறை) வாழ்க்கை என்று நாங்கள் கேட்டு வளர்ந்தது இரண்டாவதை. கனவும் இதில் சேர்ந்ததுதான். நபிகள் கனவில் பால் அருந்தி, மீதியைத் தம் தோழர் உமருக்குக் கொடுத்தார்கள். அதன் பொருள் என்ன என்று கேட்டபோது 'அறிவு' என்றார்கள். அறிவுக்கு உருவம் இல்லை. நடுவுலகத்தில் அது பாலை உடுத்திக்கொண்டு வருகிறது. எங்கள் உம்மம்மாவிடம் (அம்மாவின் அம்மா) கனவைச் சொன்னால், முதலில் 'ஹைர்', நல்லதுதான், என்பார். அப்புறம் "தண்ணி கலங்கலா இருந்துச்சா, தெளிவா இருந்துச்சா?" என்று, ஊருக்குப் போய் வந்தவனிடம் விசாரிக்கிற மாதிரி கேட்பார்.

எல்லாரும் ஒரே மாதிரி சொல்லவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 17ஆம் நூற்றாண்டில் ஈரானின் ஷீராஸைச் சேர்ந்த தத்துவஞானி முல்லா சத்ராவுக்கு, இறந்த பின் நமக்கு வாய்க்கும் உடல் இந்த வகையானதே; நாம் செய்ததிலிருந்து அது உருவாகிறது. 1624இல் மறைந்த இந்திய சூஃபி அகமது சிர்ஹிந்தியோ தம் கடிதம் ஒன்றில், அந்த உலகம் பார்ப்பதற்குத்தான், இருப்பதற்கு இல்லை என்று வெட்டிவிட்டார். சலூன் கண்ணாடியை நினைத்தால் நான் சிர்ஹிந்தி பக்கம். உம்மம்மா முல்லா சத்ராவின் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார், ஆனால் நின்றிருந்தால் அவர் பக்கம்தான் நின்றிருப்பார். வெள்ளி தவறாமல் தாத்தாவின் கப்ருக்கு என்னை அனுப்பிவிட்டு, திரும்பி வந்ததும் "சலாம் சொன்னியா?" என்று கேட்பார்.