மறுமொழி: இரண்டாவது ஹார்ட் டிஸ்க் பொருத்தியதும் இரண்டுமே தெரியவில்லை
ஐயா, குளச்சல் வீட்டிலுள்ள பழைய கணினியில் இரண்டாவது ஐடிஇ (தட்டைக் கேபிளில் இணையும் பழைய வகை) டிஸ்கைப் பொருத்தியதும் பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) இரண்டையுமே காட்டவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஒரே கேபிளில் இரண்டும் மாஸ்டராக (முதல் டிஸ்காக) இருப்பதே பெரும்பாலும் காரணம். மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு, புதிய டிஸ்கின் பின்புறம் கேபிள் செருகுமிடத்துக்கும் மின்வயர் செருகுமிடத்துக்கும் நடுவே இருக்கும் ஜம்பரை (இரு பின்களை இணைக்கும் சிறு செருகியை) உருவி, மேலே ஒட்டியுள்ள தாளில் ஸ்லேவ் (இரண்டாவது டிஸ்க்) என்று காட்டியிருக்கும் பின்களில் செருகுங்கள். பழையது மாஸ்டராகவே இருக்கட்டும். கடற்காற்றில் பின்களில் பச்சை பிடித்திருந்தால் (நம் கரையோரத்தில் அது புதிதன்று) ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷால் துடைத்து, நன்கு உலரவிடுங்கள். நீங்கள் வாங்கிய 160 ஜிபி டிஸ்க் 137 ஜிபி என்று தெரிந்தால் அது பழுதன்று, டிஸ்கில் உள்ள இடங்களைக் குறிக்கும் 28 பிட் முகவரியின் எல்லை. புதுப்பித்த பயாஸும் விண்டோஸ் எக்ஸ்பியில் சர்வீஸ் பேக் (புதுப்பிப்புத் தொகுப்பு) 1 அல்லது அதற்குப் பிந்தையதும் இருந்தால் முழு அளவும் கிடைக்கும்.