பார்க்குக்கு 30 சென்ட்: எழுதிக் கொடுத்தே ஆக வேண்டுமா?

கேள்வி: பாட்டன் காலத்திலிருந்து எங்களிடம் இருக்கும் 4 ஏக்கர் மானாவாரிக் காடு. மழையும் சரியில்லை, வேலைக்கு ஆளும் இல்லை, கடன் மட்டும் இருக்கிறது. சைட் போட்டு விற்கலாம் என்று புரமோட்டர் ஒருவரிடம் பேசினோம். 40 சென்ட்டைப் பார்க்குக்கென்று ஊராட்சி பேரில் சும்மா எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறார். சுற்றிலும் காடும் தோப்புமாக இருக்கிற ஊரில் பார்க் எதற்கு? ரோட்டுக்கு நிலம் எடுத்தால் பணம் தருகிற அரசாங்கம் இதற்கு மட்டும் ஏன் தருவதில்லை? கேஸ் போட்டால் நிற்குமா? கடைசியில் கொடுத்தே தீர வேண்டும் என்றால் அந்தப் பார்க்குக்கு எங்கள் அப்பா பெயரையாவது வைக்கலாமா?
– ஒரு விவசாயி, தாராபுரம் பக்கம்

பதில்: முதலில் அந்த 40 சென்ட்டைப் பார்ப்போம், ஏனென்றால் அந்தக் கணக்கே தப்பு. பார்க் மாதிரித் திறந்தவெளிக்கு விட வேண்டிய 10 சதவீதம் மொத்த நிலத்தில் இல்லை, உள்ளே போடும் ரோடு போக மீதியில். உங்கள் 4 ஏக்கரில் ரோட்டுக்கு ஒரு ஏக்கர் போகிறது என்று வையுங்கள், மீதி 3 ஏக்கர், அதில் 10 சதவீதம் 30 சென்ட். புரமோட்டர் தெரியாமல் சொன்னாரோ தெரிந்தே சொன்னாரோ, அந்த 10 சென்ட் வித்தியாசம் 4,356 சதுரடி, அதாவது 1,200 சதுரடி மனையாக மூன்றுக்கு மேல். இதை இப்போதே கேட்டுவிடுங்கள்.

விதி இதுதான். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 என்று ஒன்று இருக்கிறது. அதன்படி 3,000 சதுர மீட்டர் வரை, நம் கணக்கில் சுமார் 74 சென்ட், பார்க்குக்கு எதுவும் விட வேண்டாம். அதற்கு மேல் 10,000 சதுர மீட்டர் வரை 10 சதவீதம் விட வேண்டும், இட அமைப்பால் முடியவில்லை என்றால் அதற்கு ஈடான மதிப்பைப் பணமாகக் கட்டலாம். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் (அது இரண்டரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான அளவு) பணம் கட்டித் தப்பிக்கும் வழி கிடையாது, நிலத்தையே தானப் பத்திரம் போட்டுத் தர வேண்டும். நீங்கள் இந்தக் கடைசி வகையில் வருகிறீர்கள்.

'துண்டு துண்டாகப் பிரித்து 70, 70 சென்ட்டாகத் தனித்தனி அப்ரூவல் வாங்கலாமே' என்று யாராவது சொல்லியிருப்பார்கள், சொல்லாவிட்டால் இனிமேல் சொல்வார்கள். மூலப் பத்திரமும் புலப்படமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே காடு என்று சின்னப் பையனுக்கும் தெரியும். ஃபைல் திரும்பி வரும், அதற்குள் கடனுக்கு வட்டி இன்னும் ஏறும். அதைவிட மோசம் அப்ரூவலே இல்லாமல் கல் நட்டு விற்பது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டதும், கைக்காசைக் கொடுத்து வாங்கியவர்கள் எப்படி அலைந்தார்கள் என்று உங்கள் ஊரிலேயே யாரையாவது கேளுங்கள், நான் சொல்வதைவிட நன்றாகச் சொல்வார்கள்.

இனி கேஸ். உங்கள் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சொத்துரிமை இன்று அடிப்படை உரிமை இல்லை (1978-ல் கொண்டுவந்த 44-வது திருத்தத்தோடு அது போய்விட்டது), ஆனாலும் சட்டத்தின் துணையில்லாமல் ஒருவர் சொத்தைப் பறிக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 300ஏ பிரிவு சொல்கிறது. தெரிந்த வக்கீல் யாரிடமாவது போனால் சேத் ராம் வசிஷ்ட் வழக்கை எடுத்துப் போடுவார். டெல்லி வழக்கு அது. லே-அவுட்டில் பார்க்குக்கும் பள்ளிக்கும் விட்ட இடத்தை இலவசமாக எழுதிக் கொடு என்று அங்கே மாநகராட்சி தீர்மானம் போட்டது. சட்டத்தில் அதற்கு இடமில்லை, அந்த நிலத்தை மனை வாங்கியவர்களுக்காகச் சொந்தக்காரர் பாதுகாத்து வைத்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேட்க இனிக்கத்தான் செய்யும். ஆனால் அங்கே இருந்தது வெறும் தீர்மானம், இங்கே இருப்பது விதி. 10 சதவீதத்தைத் தானமாகக் கொடு என்கிற சென்னைப் பெருநகர விதியை எதிர்த்துப் போன வழக்கில், விதி செல்லும் என்று 2023-ல் அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே கேஸ் நிற்காது என்பதே என் கணிப்பு, அந்தச் செலவுக்கு ரெண்டு சைட் போய்விடும்.

பணம் ஏன் தருவதில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். ரோட்டுக்கு எடுக்கும்போது நீங்கள் வேண்டாம் என்றாலும் எடுப்பார்கள், அதனால் இழப்பீடு. இங்கே யாரும் உங்களைத் தேடி வரவில்லை. காட்டைக் காடாகவே விற்றால் ஒரு சென்ட்கூட விட வேண்டாம். ஒரே குடும்பத்துக் காட்டை 90 குடும்பத்துக்கு மேல் குடியிருக்கும் இடமாக நீங்கள்தான் மாற்றுகிறீர்கள், ஏக்கர் விலையில் இருந்தது சதுரடி விலைக்கு மாறுவதும் அதனால்தான். அந்த 30 சென்ட்டின் விலை மற்ற மனைகளின் மேல் ஏறித்தான் விற்கப் போகிறது, அதைக் கடைசியில் கொடுப்பவர் மனை வாங்குகிறவர்.

சுற்றிலும் காடு இருக்கிறதே என்றால், அது உங்கள் பக்கத்துக் காட்டுக்காரருடைய காடு. அவரும் நாளைக்குக் கல் நடுவார். அப்புறம் அங்கே குடிவரும் பிள்ளைகள் அவர் வேலியைத் தாண்டிப் போய் விளையாட முடியுமா?

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எழுதி வாங்கும்போது இருக்கிற வேகம் அப்புறம் இருப்பதில்லை. ஒரு மனைப்பிரிவில் பார்க் எங்கே என்று தேடிப் போயிருக்கிறேன். கடைசி ரோட்டின் முட்டுச் சந்தில், சீமைக்கருவேலத்துக்கு நடுவே பெயர் அழிந்த ஒரு சிமென்ட் பலகை, பக்கத்தில் யாரோ வீடு கட்டி மிஞ்சிய ஜல்லிக் குவியல், அதன்மேல் ஒரு ஆடு நின்றுகொண்டிருந்தது. இதற்கா என் நிலத்தைக் கொடுத்தேன் என்று கொடுத்தவருக்கு வயிறு எரியத்தான் செய்யும். இப்படி ஆவதற்குப் பாதிக் காரணம் வரைபடம். விற்காத மூலை, பள்ளம், கோணல் துண்டு எதுவோ அதைப் பார்க் என்று பச்சை அடித்துவிடுகிறார்கள்.

அதனால் கொடுப்பதா வேண்டாமா என்பதை விட்டுவிட்டு, எந்த 30 சென்ட் என்பதில் சண்டை போடுங்கள். இடத்தை முடிவு செய்வது நகர் ஊரமைப்பு அலுவலகம்தான், ஆனால் முதல் வரைபடம் உங்கள் கையிலிருந்து போகிறது. அகலம் எங்கேயும் 10 மீட்டருக்குக் குறையக் கூடாது, ரோட்டை ஒட்டி இருக்க வேண்டும். அதற்குள் நீங்கள் ஏதாவது வேப்பமரம் நிற்கிற இடமாகப் பார்த்து, நாலு பக்கமும் வீடுகள் பார்த்திருக்கும்படி நடுவில் வையுங்கள். ஆள் பார்வை படுகிற இடத்தில் ஜல்லி கொட்டத் தயங்குவார்கள், பார்க்கைப் பார்த்த மனைக்கு விலையும் கூடுதலாகக் கேட்கலாம். ஓடைப் புறம்போக்கு ஏதாவது ஓரத்தில் இருந்தால் அதைப் பார்க் கணக்கில் சேர்க்கலாம் என்று சொல்ல ஆள் வரும். உங்களுடையதே இல்லாததை எப்படித் தானம் கொடுப்பீர்கள்?

புரமோட்டரோடு போடும் ஒப்பந்தத்தில் பங்கு எப்படி என்பதையும் பாருங்கள். மொத்த நிலத்திலா, ரோடும் பார்க்கும் போக விற்கிற மனைகளிலா? இந்த ஒரு வரி தெளிவாக இல்லாவிட்டால் அந்த 30 சென்ட் முழுக்க உங்கள் பங்கிலிருந்து கழிந்துவிடும். பவர் கொடுக்கும்போது தானப் பத்திரத்தில் நீங்களே கையெழுத்துப் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள், நாலு எல்லையும் அளவும் படித்துப் பார்த்துவிட்டு.

'பத்து வருஷம் போகட்டும், அதையும் சைட்டாக்கிவிடலாம்' என்று யாராவது காதில் ஓதினால் கேட்காதீர்கள். பெங்களூரில் பார்க்குக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததையே 1991-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஊராட்சிக்கும் இதே கதைதான், பார்க்கைப் பார்க்காகத்தான் வைத்திருக்க வேண்டும். வேறு கட்டடம் எழுப்ப வந்தால் மனை வாங்கியவர்கள் தாராளமாகத் தடுக்கலாம்.

அப்பா பெயர் விஷயம். தானம் கொடுத்த பிறகு பார்க் ஊராட்சியுடையது, பெயர் வைப்பதும் அவர்கள் கையில், ஒரு மனு கொடுத்துப் பாருங்கள். ஆனால் மனைப்பிரிவுக்குப் பெயர் வைப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. புரமோட்டர் ஏதாவது 'கிரீன் சிட்டி' என்று அச்சடித்துவிடுவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.