அடிவார ஊர்களும் காட்டுத்தீயும்: கேள்வி பதில்

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் ஊர் மக்களே தீத்தடுப்புக் குழு அமைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள்.

சார், தீப் பிடித்த பிறகுதான் வனத்துறையினர் வந்து எங்கள் ஊர் இளவட்டங்களைக் கூப்பிடுகிறார்கள். முன்கூட்டியே குழு அமைப்பதென்றால் எங்கே தொடங்குவது? (ஊராட்சி உறுப்பினர், போடி பக்கம்)

மார்கழியில் தொடங்குங்கள். பிப்ரவரி நடுவில் தீக்காலம் வந்துவிடும்; மாசியில் கூட்டம் போட்டு என்ன பயன்? முதல் கூட்டத்துக்கு ஆடுமாடு மேய்ப்பவர்கள், விறகு பொறுக்கும் பெண்கள், தேனும் கடுக்காயும் எடுப்பவர்கள் கட்டாயம் வரவேண்டும். காட்டுத் தடங்கள் அவர்களுக்குத்தான் அத்துப்படி. ஒற்றையடித் தடம், கோடையிலும் வற்றாத ஓடை, பாறைத்திட்டு, சென்ற இரண்டு கோடைகளில் எரிந்த இடங்கள் என எல்லாவற்றையும் தரையில் சாக்பீஸால் வரையச் சொல்லுங்கள். அதைத் தாளில் எடுத்து வனச்சரகரிடம் ஒரு படி கொடுங்கள்.

அதன்பிறகு 12 பேரைத் தேர்ந்தெடுங்கள். இளைப்பு, இதய நோய் உள்ளவர்கள் வேண்டாம். அவர்கள் போன் பார்த்துக்கொள்ளட்டும், தண்ணீர் அனுப்பட்டும். கூலி எவ்வளவு, யார் தருவார், காயம் பட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள். கேரளத்தில் தேசமங்கலம் அருகே கொற்றம்பத்தூரில் 2020 பிப்ரவரியில் தீயணைக்கப் போன வனக்காவலர்கள் மூன்று பேர் இறந்தார்கள். காட்டிலேயே வேலை பார்த்தவர்களுக்கே அந்தக் கதி. தீயை அடிக்க ஒரு தழையை மட்டும் கையில் கொடுத்து ஊர்ப் பையன்களை மேலே அனுப்புவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

தீத்தடுப்புக் கோடு எத்தனை அடி அகலம் வெட்டணும்? போன வருஷம் வெட்டியும் தீ தாண்டிடுச்சு.

தீ தாண்டாதபடி புல்லை வெட்டி வெறுந்தரையாக்கும் பட்டைதான் தீத்தடுப்புக் கோடு. அதன் அகலத்தைப் புல்லின் உயரம்தான் தீர்மானிக்கும். சமதளத்தில் முழங்கால் உயரப் புல்லுக்கு 3 மீட்டர், ஆளுயரப் போதைப்புல்லுக்குக் குறைந்தது 6 மீட்டர். சரிவிலும் காற்றடிக்கும் பக்கத்திலும் இன்னும் கூட்டுங்கள்.

தாண்டியதற்குப் பெரும்பாலும் அகலம் காரணமாக இருக்காது. வெட்டிய புல்லை அங்கேயே போட்டிருப்பார்கள். அது காய்ந்து திரியாகிவிடும். வெட்டி 7 முதல் 10 நாள் காயவிட்டு, கோட்டின் நடுவே குவித்து, ஜனவரிக்குள் பனி ஈரம் இருக்கும் காலை நேரத்தில், வனத்துறையினரை வைத்துக்கொண்டுதான் எரிக்க வேண்டும். காப்புக்காட்டில் நாமாகத் தீ வைப்பது குற்றம். இன்னொன்று, இலையுதிர் காடுகளில் பிப்ரவரி, மார்ச்சில் கொட்டும் சருகு கோட்டை மூடிவிடும். வாரம் ஒருமுறை கூட்டித் தள்ளாவிட்டால் ஜனவரியில் பட்ட பாடு வீண்.

தடுப்புக்கோட்டை மலைச்சரிவின் நடுவே போடாமல் மலை முகட்டில் போடுங்கள். நடுச்சரிவில் எரியும் கட்டை உருண்டு கோட்டைக் கடந்து கீழே போகும். அங்கிருந்து தீ மறுபடி மேலேறும். வேறு வழியில்லாமல் நடுச்சரிவில் போட நேர்ந்தால், கோட்டின் கீழ்விளிம்பில் கட்டையைத் தடுக்கும் அளவுக்குப் பள்ளம் வெட்டுங்கள்.

அணைக்கப் போகும்போது என்ன உடுத்துவது, எங்கே நிற்பது?

முழுக்கைப் பருத்திச் சட்டை, பருத்தி பேன்ட், தோல் ஷூ. பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். ரப்பர் செருப்பும் அப்படித்தான். முகத்தில் ஈரத்துண்டு கட்டுகிறார்கள், அது தவறு. வெக்கையில் ஈரம் ஆவியாகிச் சுடும். காய்ந்த பருத்தித் துண்டு போதும். ஆளுக்கு 5 லிட்டர் தண்ணீர்.

சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 20 டிகிரி சரிவில் நான்கு மடங்கு. மனிதனால் மேல்நோக்கி அந்த வேகத்தில் ஓட முடியாது. குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று பிடித்த தீ 23 உயிர்களைக் கொண்டுபோனதும் புல் அடர்ந்த மலைச்சரிவில்தான். ஆகவே தீக்கு மேலே நிற்கவே கூடாது. எரிந்து கருகிய பக்கமாக, பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் நெருங்குங்கள். தீ முழுதும் தெரியும் இடத்தில் ஒருவர் விசிலோடு நிற்கட்டும். காலை 11 முதல் மாலை 4 வரை தீயின் முகத்துக்கு, அதாவது அது முன்னேறும் பக்கத்துக்குப் போகாதீர்கள். தழையை ஓங்கி அடித்தால் பொறி பறக்கும். அழுத்தி, கருகிய பக்கம் இழுத்துவிடுங்கள்.

எதிர்த்தீ வைக்கலாமா?

வரும் தீக்கு எதிரே நாமே தீ வைத்து, அது எரிக்க வேண்டிய புல்லை முன்பே எரித்துவிடுவதுதான் எதிர்த்தீ. அதை ஊர்க்குழு வைக்கவே கூடாது. காற்று திரும்பினால் உள்ளே மாட்டுவது உங்கள் ஆட்கள்தான்.

சாட்டிலைட்டே தீயைக் காட்டிக்கொடுக்கிறதே, ஊர்க்காரர்கள் எதற்கு?

டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் எச்சரிக்கைகளைப் பொதுமக்களும் பதிவு செய்து பெறலாம். அவசியம் பதிவு செய்யுங்கள். ஆனால் தீயின் வெப்பத்தை உணரும் விஐஐஆர்எஸ் கருவி தாங்கிய செயற்கைக்கோள் கடப்பது பகல் 1.30, இரவு 1.30 ஒட்டித்தான். மாலை 3 மணிக்குப் பிடித்த தீ நள்ளிரவு தாண்டித்தான் அதன் கண்ணில் படும். தீ இருக்குமிடமாக அது காட்டும் புள்ளியின் அகலமும் 375 மீட்டர். எந்தத் தடத்தில் ஏறினால் எட்டலாம் என்று அது சொல்லாது. மாடு மேய்ப்பவர் போன் செய்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தீ வைப்பதே எங்கள் ஊர் ஆட்கள்தான் என்றால்?

ஏன் வைக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். மேய்ச்சலுக்குப் புதுப்புல் வேண்டும் என்றால், தடுப்புக்கோடு எரிக்கும் இடத்தை அவர்களுக்குப் பயன்படும் பக்கமாகத் திட்டமிடலாம். தேன் எடுப்பவர் பந்தம் கொளுத்துமுன் மரத்தடியைச் சுற்றி 3 மீட்டர் தூரத்துக்குச் சருகு நீக்கட்டும், ஒருவர் தண்ணீரோடு கீழே நிற்கட்டும். பட்டா நிலத்தில் குப்பை கொளுத்துபவர் குழுவுக்குச் சொல்லிவிட்டு விடியலில் கொளுத்தட்டும். யாரையும் காட்டிக்கொடுப்பதில் தொடங்கிய குழுவிடம் அடுத்த தீயைப் பற்றி எவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

பழங்குடியினர் முன்பு வைத்த சிறு தீ காட்டுக்கு நல்லது என்கிறார்களே?

கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன மலையில் சோளகர்கள் கோடைக்கு முன்பே சருகைத் தாழ்வாக எரித்துவந்தார்கள். ‘தரகு பெங்கி’ என்பது அதன் பெயர். அது தடுக்கப்பட்ட பிறகே உண்ணிச்செடி (லண்டானா) பெருகியது என்பது அவர்கள் கூற்று. அதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். ஆனால் உண்ணிச்செடி ஆளுயரம் மண்டிய காட்டில் இன்று அதே தீயை வைத்தால் அது தரையில் நிற்காது, மரத்தில் ஏறும். முதலில் உண்ணிச்செடியை வேரோடு அகற்ற வேண்டும். எதைச் செய்தாலும் கிராம சபைத் தீர்மானத்தோடு செய்யுங்கள். வன உரிமைச் சட்டம், 2006-இன் 5ஆம் பிரிவு காட்டைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குத் தருகிறது.

அணைத்துவிட்டு வந்தோம், மறுநாள் திரும்பப் பிடித்தது. ஏன்?

பட்டுப்போன மரம், சாணம், வேர் இவற்றுக்குள் கங்கு கனன்றுகொண்டிருக்கும். கருகிய விளிம்பிலிருந்து உள்ளே 20 மீட்டர் வரை புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள். சூடு தெரிந்தால் கிளறி, தண்ணீரும் மண்ணும் கலந்து போடுங்கள். வெறும் மண்ணால் மூடினால் உள்ளே கனன்றபடியே இருக்கும். வயலுக்கு மருந்தடிக்கும் 16 லிட்டர் தெளிப்பானை நன்றாகக் கழுவிவிட்டு இதற்குக் கொண்டுபோகலாம். இரண்டு பேர் இரவு அங்கேயே காவல் இருக்கட்டும்; மறுநாள் வெயில் ஏறி, காற்றும் கிளம்பும் நண்பகலில் இன்னொருமுறை விளிம்பைச் சுற்றி வரவேண்டும்.